குற்றவாளிக் கூண்டில் படக்கதை

நான் செய்த முதல் திருட்டு, அப்பாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்த ஒரு பத்து ரூபாய் நோட்டு. எண்பதுகளின் கடைசி, அருப்புக்கோட்டை. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில், கயிற்றில் கிளிப் மாட்டி ஒரு லயன் காமிக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமான இதழை விடத் தடிமன். உள்ளே ஸ்பைடர் கதை. பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று நாலு நாள் அதைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் சட்டைப்பையில் கைவிட்டேன்.

மாட்டிக்கொண்டது அதற்கு மூன்றாம் நாள். பாய்க்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பா புத்தகத்தைப் புரட்டினார். கூர்க்காதும் கறுப்பு உடையுமாக ஒருவன் இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"யாருடா இவன்?"

"ஸ்பைடர்ப்பா. இவன்தான் ஹீரோ."

"என்ன பண்றான்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கதையின் மேல் இருந்த ஆசையில் உண்மையைச் சொன்னேன். "திருடறான்ப்பா. உலகத்துலயே பெரிய திருடனாகணும்னு."

அவ்வளவுதான். அந்தப் புத்தகமும், அதுவரை நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த ஒன்பது புத்தகங்களும் வெந்நீர் அடுப்புக்குள் போயின. அந்தத் தண்ணீரில் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அதற்கும் சேர்த்து இரண்டு வாங்கினேன்.

அப்பாவின் கணக்கு எளிமையானது. பையன் திருடன் கதை படிக்கிறான். பையன் திருடுகிறான். ஆகவே கதைதான் காரணம். சாஃப்ட்வேர் வேலையில் எனக்கு இருபது வருஷம் தாண்டிவிட்டது. நாங்களும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் யோசிப்போம். புரொடக்ஷனில் ஏதாவது விழுந்தால் முதல் கேள்வி, "நேத்து ராத்திரி யார் எதை மாத்தினாங்க?" என்பதுதான். பாதி நேரம் அதில் விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி நேரம், ஒரு அப்பாவிப் பையனின் கோடைத் திரும்பப் பெற்றுவிட்டு, உண்மையான பக் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுவோம்.

இதே வழக்கு, இதே வாதம், 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் ஒரு நாடே சேர்ந்து நடத்தியிருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது ரொம்பப் பிற்பாடு. கொஞ்ச நாளாக அதைப் பற்றி எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரைம் கதை ரசிகனாக நான் ஒரு கட்சியைச் சேர்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி இருந்தும் என் கட்சிக்காரர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று முடிவாகவில்லை.

கதை சினிமாவில் தொடங்குகிறது. 1931இல் 'தி பப்ளிக் எனிமி', 1932இல் 'ஸ்கார்ஃபேஸ்'. மதுவிலக்குக் காலத்துச் சிகாகோ. ஜனங்கள் பத்திரிகையில் அல் கபோனைப் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போய் அதே ஆளை வேறு பெயரில் பார்த்தார்கள். இப்படிக் கொலைகாரனைப் பெருமைப்படுத்தலாமா என்று எதிர்ப்பு கிளம்பியதால் 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்கு 'தேசத்தின் அவமானம்' என்று ஒரு உபதலைப்பு ஒட்டினார்கள். ஹீரோவைச் சட்டப்படி தூக்கில் போடுவது மாதிரி இன்னொரு கிளைமாக்ஸும் எடுத்து வைத்தார்கள். 1934 முதல் ஹாலிவுட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் கண்டிப்பாக அமலுக்கு வந்தன. குற்றம் செய்தவன் தண்டனை அடையாமல் படம் முடியக்கூடாது. நம்ம ஊர்ப் படங்களில் எல்லாம் முடிந்த பிறகு சரியாகப் போலீஸ் ஜீப் வந்து நிற்குமே, அதே ஜீப்புதான்.

1931லேயே செஸ்டர் கோல்ட் வரைந்த 'டிக் ட்ரேசி' செய்தித்தாளில் வரத் தொடங்கிவிட்டது. துப்பறிவாளனின் தாடையை விட அவன் துரத்துகிற வில்லன்களின் விகாரமான முகங்கள்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தன. 1935இலிருந்து எம்.ஜி.எம். கம்பெனி 'கிரைம் டஸ் நாட் பே' என்று குறும்படங்கள் எடுத்தது. குற்றம் பலன் தராது என்று போதிக்கிற படங்கள். அந்தப் பெயரைத்தான் 1942இல் லெவ் க்ளீசன் என்ற பதிப்பாளர் ஒரு காமிக்ஸுக்குச் சூட்டினார். சார்ல்ஸ் பைரோ, பாப் வுட் என்று இரண்டு எடிட்டர்கள்.

அமெரிக்காவின் முதல் முழுநேரக் கிரைம் காமிக்ஸ் இதுதான். உண்மைக் குற்றவாளிகளின் கதை. பெயர்களும் உண்மை. மிஸ்டர் கிரைம் என்று நீளத் தொப்பி போட்ட ஒரு பேய் உருவம் கட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, கொலை செய்யப் போகிறவனுக்கு யோசனை சொல்லும். கதையையும் அதுவே நமக்குச் சொல்லும். யுத்தம் முடிந்த பிறகு மாதம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகப் பதிப்பாளர் சொல்லிக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 1948 வாக்கில் கடையெங்கும் கிரைம் காமிக்ஸ்தான். பெயர்களைப் பார்க்க வேண்டுமே: நீதி குற்றவாளியைப் பிடிக்கும், குற்றம் தண்டனை கட்டியே தீரும், குற்றமும் தண்டனையும்! தாஸ்தயேவ்ஸ்கி கூடத் தப்பவில்லை.

காப்புரிமை காலாவதியானதால் இவற்றில் நிறைய இதழ்கள் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு ஐம்பது அறுபது இதழ்கள் படித்திருப்பேன். அட்டையில் 'கிரைம்' என்ற வார்த்தை மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு இருக்கும். 'பலன் தராது' என்கிற மீதி, மருந்து டப்பாவில் காலாவதித் தேதி போட்ட மாதிரி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயும் அதே விகிதம்தான். எட்டுப் பக்கக் கதையில் ஏழரைப் பக்கம் ஆசாமி கொள்ளையடிப்பான், நல்ல சூட் போடுவான், கார் மாற்றுவான், கூட்டாளியைச் சுடுவான். கடைசிக் கட்டத்தில் மின்சார நாற்காலி. அந்தக் கடைசிக் கட்டத்துக்காக யாராவது காசு கொடுத்து வாங்கியிருப்பார்களா?

ரசிகனாக ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். நமக்குப் பிடிப்பது தண்டனை இல்லை. கொலை கூட இல்லை. வேலை. ஒரு பூட்டை எப்படித் திறக்கிறார்கள், காவலாளியின் ரவுண்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள், நாலு பேரில் யார் சொதப்பப் போகிறான் என்பது. 1955இல் ஜூல்ஸ் டாசின் எடுத்த பிரெஞ்சுப் படம் 'ரிஃபிஃபி'யில் ஒரு நகைக்கடைக் கொள்ளை வரும். கிட்டத்தட்ட அரை மணி நேரம். வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. மேல்மாடித் தரையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு குடையை இறக்கி உள்ளே விரித்து, காரை விழுகிற சத்தம் கேட்காமல் அதில் பிடிப்பார்கள். நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குடை விரியும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அந்த அரை மணி நேரமும் நான் திருடன் கட்சிதான். 'குற்றம் பலன் தராது' என்று அட்டையில் போட்டது பதிப்பாளர் பெற்றோருக்குக் காட்டிய அடையாள அட்டை. வாசகனுக்கும் பதிப்பாளருக்கும் நடுவே இருந்த ஒப்பந்தம் வேறு. அந்த அளவில் எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னது பொய் இல்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் எரித்தார்கள். 1948 அக்டோபரில் மேற்கு விர்ஜீனியாவில் ஸ்பென்சர் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே சுமார் 2,000 காமிக்ஸ்களைச் சேகரித்துப் பள்ளி மைதானத்தில் கொளுத்தினார்கள். டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. பத்திரிகைகளில் படம் வந்தது. ஹிட்லர் ஆட்சியில் புத்தகம் எரித்து 15 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஹிட்லரோடு சண்டை போட்டு ஜெயித்து மூன்றே வருஷம். படத்தைப் பார்த்தவர்கள் சிலருக்காவது வயிற்றைப் பிசைந்திருக்கும்.

அதே 1948 நவம்பரில் கனடாவில் நடந்ததைத் தமாஷாக எடுத்துக்கொள்ள முடியாது. டாசன் க்ரீக் என்ற ஊரில் 13 வயது, 11 வயதுப் பையன்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு நெடுஞ்சாலை ஓரம் நின்று, போன காரைச் சுட்டதில் ஒருவர் செத்துப்போனார். பையன்கள் வாரத்துக்கு டஜன் கணக்கில் கிரைம் காமிக்ஸ் படிப்பவர்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த வருஷமே டேவி ஃபுல்டன் என்ற எம்.பி. கொண்டுவந்த மசோதா சட்டமானது. கிரைம் காமிக்ஸ் அச்சடிப்பதும் விற்பதும் கனடாவில் கிரிமினல் குற்றம். அந்தப் பிரிவு புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2018 டிசம்பரில். கிரைம் காமிக்ஸ் பற்றிய ஒரு சட்டம், ஸ்மார்ட்போன் காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. பழைய கோடை யாரும் டெலீட் செய்வதில்லை என்பது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை போல.

அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போடுவது சுலபமில்லை. ரத்தம், குற்றம் பற்றிய கதைகளே நிறைந்த பத்திரிகைகளைத் தடுக்கிற நியூயார்க் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 1948இல் விண்டர்ஸ் வழக்கில் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1952இல் சினிமாவும் பேச்சுரிமைக்குள் வரும் என்று தீர்ப்பு. சினிமாவுக்குக் கதவு திறந்த இரண்டே வருஷத்தில் காமிக்ஸுக்கு மூடியது. மூடியது நீதிமன்றமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. ஒரு டாக்டரும், ஒரு பதிப்பாளர் தன் வாயால் சொன்ன ஒரு பதிலும்.

டாக்டர் ஃப்ரெட்ரிக் வெர்தம். ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க்கில் வேலை செய்த மனநல மருத்துவர். 1954இல் 'செடக்ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. தான் பார்த்த நூற்றுக்கணக்கான சிறுவர்கள், அவர்கள் வாயாலேயே சொன்ன வார்த்தைகள், காமிக்ஸிலிருந்து எடுத்த படங்கள். பெற்றோர் படித்தால் அன்றைக்கே அடுப்பைப் பற்றவைப்பார்கள். எங்கள் அப்பா படித்திருந்தால் மேற்கோள் காட்டியிருப்பார்.

1954 ஏப்ரல் 21. சிறார் குற்றங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு நியூயார்க் நீதிமன்றக் கட்டிடத்தில் கூடியது. தலைவர் ராபர்ட் ஹென்ட்ரிக்சன். ஆனால் எல்லார் கண்ணும் எஸ்டஸ் கெஃபாவர் மேல். இரண்டு மூன்று வருஷம் முன்னால் மாஃபியா ஆட்களை டிவி காமிரா முன் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு நாடு முழுக்கப் பிரபலமானவர். இன்றைக்கு அதே தோரணையில் படக்கதை போடுபவர்களை விசாரிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1950லேயே கெஃபாவர் குழு போலீஸ், நீதிபதிகள், நன்னடத்தை அதிகாரிகளிடம் இதே கேள்வியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது. பதில் சொன்னவர்களில் பெரும்பான்மையினர் காமிக்ஸுக்கும் சிறார் குற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கவில்லை. அந்த லாகை யாரும் திறந்து பார்க்கவில்லை.

மதியம் வெர்தம் சாட்சி சொன்னார். இந்தக் காமிக்ஸ் தொழிலோடு ஒப்பிட்டால் ஹிட்லர் கூடக் கற்றுக்குட்டிதான் என்றார். குழந்தைகளுக்கு இவை இனவெறியைக் கற்றுத்தருகின்றன என்று ஒரு கதையிலிருந்து வசைச்சொல்லை எடுத்துக்காட்டினார். அந்தக் கதை இ.சி. நிறுவனம் வெளியிட்டது. இனவெறி பிடித்த ஒரு தகப்பன், மகள் காதலிக்கும் மெக்சிகப் பையனைக் கொல்லக் கூட்டம் சேர்த்துப் போய், இருட்டில் தன் சொந்த மகளையே அடித்துக் கொன்றுவிடுகிறான். வசைச்சொல் அந்தத் தகப்பன் வாயில் வருவது. கதையை முழுக்கப் படித்த யாரும் அதை இனவெறிப் பிரசாரம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அந்த இ.சி.யின் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ். 32 வயது. கெமிஸ்ட்ரி வாத்தியாராகப் போக நினைத்தவர். 1947இல் அப்பா படகு விபத்தில் இறந்ததால் கம்பெனி தலையில் விழுந்தது. பைபிள் கதைக் காமிக்ஸெல்லாம் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியை அந்தக் காலத்தின் மிகச் சிறந்த, மிகக் கோரமான கதைகள் போடும் இடமாக மாற்றியிருந்தார். யாரும் வற்புறுத்தாமல் தானாகவே சாட்சி சொல்ல வந்தவர். உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் வேகம் இறங்க இறங்க ஆளும் சோர்ந்துபோனாராம்.

கெஃபாவர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழ், ஜானி க்ரெய்க் வரைந்தது. ஒரு கையில் ரத்தக் கோடாரி, மறு கையில் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். ஒரு திகில் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டினால்தான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார். வாயிலிருந்து ரத்தம் வருகிறதே என்றார் கெஃபாவர். கொஞ்சம், என்றார் கெய்ன்ஸ்.

மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. அதோடு தொழில் முடிந்தது. இத்தனைக்கும் கெய்ன்ஸ் சொன்னது ஒரு எடிட்டரின் நேர்மையான பதில். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதானே அவர் தினம் செய்த வேலை. எங்கள் டீமில் ஒரு பையன் இருந்தான். கிளையன்ட் காலில் "இந்த பக் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டால் உண்மையான தேதியைச் சொல்லிவிடுவான். அவன் ஞாபகம் வந்தது.

சட்டம் வரும் முன் முந்திக்கொள்வோம் என்று பதிப்பாளர்கள் சங்கம் வைத்து, 1954 அக்டோபரில் காமிக்ஸ் கோட் என்ற விதிகளை அறிவித்தார்கள். சார்ல்ஸ் மர்ஃபி என்ற நீதிபதி நிர்வாகி. நன்மை எப்போதும் தீமையை வெல்ல வேண்டும். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி மேல் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது. குற்றத்தின் நுணுக்கமான செய்முறை கூடாது, அதாவது அந்தக் குடை கூடாது. அட்டையில் 'கிரைம்' என்ற சொல் மற்ற சொற்களை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி யாரைப் பார்த்து எழுதியது என்று விளக்க வேண்டியதில்லை. 1955இல் 'கிரைம் டஸ் நாட் பே' நின்றது. இ.சி.யின் கிரைம், திகில் இதழ்கள் அதற்கு முன்பே மூடியாயிற்று. கெய்ன்ஸ் கையில் மிஞ்சியது 'மேட்' பத்திரிகை மட்டும்.

பாப் வுட் என்று மேலே ஒரு எடிட்டரைச் சொன்னேன் அல்லவா. வேலை போய், குடி முற்றி, 1958இல் ஒரு நியூயார்க் ஹோட்டல் அறையில் கூட இருந்த பெண்ணை இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கொன்றார். சுமார் மூன்று வருஷம் சிறை. இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் கட்சி வக்கீலே கொலைகாரன் என்றால் நான் எங்கே போவது? வெர்தம் ஜெயித்துவிட்டாரோ? பிறகு யோசித்தால், வுட் குற்றக் கதைகளை எடிட் செய்துகொண்டிருந்த வருஷங்களில் யாரையும் கொல்லவில்லை. கொன்றது அதெல்லாம் நின்றுபோன பிறகு. இதையும் நான் ஒரு நிரூபணமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் வெர்தம்தான்.

வெர்தம் என்ன செய்தார் என்பது வெளியே வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அவருடைய தாள்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பூட்டிக் கிடந்தன. 2010இல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியராக இருக்கும் கேரல் டில்லி போய் உட்கார்ந்து, மருத்துவக் குறிப்புகளையும் அச்சான புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நாங்கள் டிஃப் எடுப்பது என்போமே, அதேதான். 2012இல் கட்டுரையாக வெளியிட்டார்.

புத்தகத்தில் ஒருவர் சொன்னதாக இருக்கிற வாக்குமூலம், குறிப்பில் இரண்டு பையன்கள் தனித்தனியாகச் சொன்னது. டாரதி என்று புத்தகத்தில் பெயர் மாற்றிச் சொல்லப்படும் 13 வயதுப் பெண் காமிக்ஸ் படித்துத்தான் கெட்டுப்போன மாதிரி வருகிறது. குறிப்பிலோ அவள் ஒரு தெருக் கும்பலில் இருந்தவள், வீட்டை விட்டு ஓடியவள். அதெல்லாம் புத்தகத்தில் விடுபட்டுவிட்டது. சக மருத்துவர்கள் பார்த்த பிள்ளைகள் இவர் பார்த்தது மாதிரி வருகிறார்கள். படங்களிலும் இதே கைவேலை உண்டு. ஒரு பெண்ணின் கண்ணை நோக்கி ஊசி வரும் புகழ்பெற்ற கட்டம் ஒன்றைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார். ஜாக் கோல் 1947இல் வரைந்தது. கதையில் அது அந்தப் பெண் காணும் கெட்ட கனவு.

டில்லியின் கட்டுரை வந்ததும் ரசிகர் உலகத்தில் கொண்டாட்டம். நானும் கொண்டாடினேன். சாட்சியத்தைத் திருத்தி ஜெயித்த வழக்கு! பழைய ஒன்பது புத்தகங்களுக்கும் நீதி கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் மேற்கொண்டு படித்தால் வெர்தம் அவ்வளவு லேசில் வில்லனாக மாட்டேன் என்கிறார். 1946இல் ஹார்லெமில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் லஃபார்க் கிளினிக் என்று தொடங்கினார். நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் போன்றவர்கள் துணை. கறுப்பினத்தவருக்கு மனநல மருத்துவம் என்பதே கிடைக்காத காலம். கட்டணம் 25 சென்ட். மருத்துவர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை குழந்தைகளின் மனதை எப்படிக் கெடுக்கிறது என்று அவர் டெலவேர் நீதிமன்றத்தில் கொடுத்த சாட்சியம், பிரவுன் வழக்கு என்று 1954இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அந்த வழக்குக் கொத்தில் சேர்ந்தது. ஒரே வருஷம், ஒரே ஆள். ஒரு சாட்சியத்துக்காகக் கும்பிடத் தோன்றுகிறது, இன்னொன்றுக்காக அடிக்கத் தோன்றுகிறது. அவர் கேட்டதும் தணிக்கை இல்லை. 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்காதே என்றுதான் கேட்டார். காமிக்ஸ் கோடை அவர் மதிக்கவே இல்லை.

அந்தக் கோட் 1950களின் நடுவில் என்ன செய்தது பாருங்கள். இ.சி. ஒரு பழைய விண்வெளிக் கதையை மறுபடி போடப்போனது. கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரன் ஹெல்மெட்டைக் கழற்றுவான், அவன் கறுப்பன் என்று தெரியும். அவனை மாற்றச் சொன்னார்கள். கெய்ன்ஸ் சண்டை போட்டு அப்படியே வெளியிட்டார். அதுதான் இ.சி.யின் கடைசிக் காமிக்ஸ் இதழ். ஹார்லெம் பிள்ளைகளுக்காக வாழ்ந்த டாக்டர் கிளப்பிவிட்ட பூதம், அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டிய ஒரு முகத்தை அழிக்கப் பார்த்தது.

நம்ம பக்கத்துக்கும் இது வந்தது. அமெரிக்கக் காமிக்ஸ் கலவரத்தைப் பார்த்து பிரிட்டன் 1955இல் ஒரு சட்டம் போட்டது. சிறாருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய சட்டம். அதே சாயலில் அடுத்த வருஷமே இந்திய நாடாளுமன்றமும் ஒன்று போட்டது: இளம் வயதினர் தீங்கான வெளியீடுகள் சட்டம், 1956. படத்தோடோ படமில்லாமலோ குற்றங்கள், வன்முறை, கொடூரம் இவற்றைச் சித்தரித்து 20 வயதுக்கு உட்பட்டவர்களைக் கெடுக்கக்கூடிய கதைப் புத்தகத்தை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. பிரிட்டிஷ்காரன் படக்கதையோடு நிறுத்திக்கொண்டான், நாம் படமில்லாததையும் சேர்த்துக்கொண்டோம். இதைப் படித்த அன்றைக்கு, எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் கடைக்காரரை நினைத்துப் பகீர் என்றது. மனுஷன் என்னிடம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறைக்குக் கடலைமிட்டாய் கொடுத்தவர்.

அவர் எனக்கு விற்ற ஸ்பைடர் எங்கிருந்து வந்தான்? பிரிட்டனிலிருந்து. சட்டம் வந்து பத்து வருஷம் கழித்து, 1965இல், 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழில், தன்னைக் குற்றவாளிகளின் ராஜா என்று சொல்லிக்கொண்டு நியூயார்க்கில் வந்து இறங்குகிறான். பூட்டு உடைப்பவன் ஒருவனையும் விஞ்ஞானி ஒருவரையும் கூட்டாளியாகச் சேர்க்கிறான். வரைந்தவர் ரெக் பன், முதலில் எழுதியவர் டெட் கோவன். கொஞ்ச காலத்தில் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான். அவர் கையில் ஸ்பைடர் தன்னை விடப் பெரிய வில்லன்களோடு மோத ஆரம்பித்து, மெல்ல நல்லவன் பக்கம் சாய்ந்துவிடுகிறான். நம்ம இரும்புக்கை மாயாவிக்கும் அதே கதி. 1962இல் 'வேலியன்ட்' இதழில் தொடங்கியபோது அவன் ஒரு குற்றவாளி. பிறகு அரசாங்க ரகசிய ஏஜென்ட். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் அவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான். அமெரிக்காவில் கோட் போட்டு, பிரிட்டனில் சட்டம் போட்டு அடைத்தது, இப்படி அட்லாண்டிக்கைச் சுற்றிக்கொண்டு பட்டாசு லாரி போகும் ரோட்டில் அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஊர்க்காவல் இவ்வளவு பலமாக இருந்தும் திருடன் வந்துவிட்டானே என்று இப்போதும் சிரிப்பு வருகிறது.

வெர்தமின் கடைசிப் புத்தகம் 1973இல் வந்தது. 'தி வேர்ல்ட் ஆஃப் ஃபேன்ஸீன்ஸ்'. காமிக்ஸ், விஞ்ஞானக் கதை ரசிகர்கள் கைக்காசு போட்டு உருட்டி எடுத்துத் தபாலில் சுற்றுக்கு விட்ட கையெழுத்துப் பத்திரிகை மாதிரியான இதழ்களைப் பற்றியது. ரசிகர்கள் அவரைத் திட்டுவதற்காக அனுப்பி வைத்தவையும் அதில் இருந்திருக்கும். கிழவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல பிள்ளைகளா என்று பாராட்டி ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். அந்தப் பிள்ளைகளில் பலர் இருபது வருஷம் முன்னால் அவர் பயந்த அதே காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள். அந்தப் புத்தகத்தில் பழைய தீர்ப்பை அவர் மாற்றி எழுதவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு 78 ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நல்ல சமயம் என்று இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கெஃபாவர், கெய்ன்ஸ், கோடாரி அட்டை, டில்லி பெட்டியைத் திறந்தது வரைக்கும். குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கே என் வாதம் பலமாக இருப்பது போலத் தோன்றியது. காமிக்ஸில் திருடுவதைப் படித்ததால் நான் திருடவில்லை, காமிக்ஸ் வாங்கக் காசு இல்லாததால் திருடினேன், ரூட் காஸ் வேறப்பா என்று முடித்தேன்.

"அந்த டாக்டர் பொய் எழுதினது தப்புதான்" என்றார்.

"அதாம்ப்பா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.